ராக்கிரெஸ் செடிக்குப் பெயர் பிடிபடவில்லையா? சிக்கலைப் பார்த்து வழி தேடுங்கள்

அமெரிக்காவின் ராக்கி மலைப் பக்கம், அதாவது கொலராடோ, யூட்டா, வயோமிங் என்று வசந்தத்தில் மலை ஏறுகிறவர்கள் கண்ணில் கட்டாயம் படுகிற செடி இது. பாறை இடுக்கிலோ சரளைச் சரிவிலோ ஒல்லியாக ஒரு தண்டு நிமிர்ந்து நிற்கும், அடியில் தரையோடு ஒட்டிய இலைக்கொத்து இருக்கும், உச்சியில் வெள்ளையாகவோ வெளிர் ஊதாவாகவோ நாலு இதழ்ப் பூக்கள், அதற்குக் கீழே நூல் மாதிரி நீளக் காய்கள். ராக்கிரெஸ் என்று சொல்லிவிட்டு நடந்தால் ஒரு சிக்கலும் இல்லை. எந்த ராக்கிரெஸ் என்று கேட்கும்போதுதான் தலை சுற்றும். வட அமெரிக்கத் தாவரங்களைத் தொகுக்கும் பெரிய நூல்வரிசையில் 2010இல் வந்த தொகுதி, போச்செரா என்ற ஒரே பேரினத்துக்குக் கீழே மட்டும் நூற்றுக்கு மேல் சிற்றினங்களை வைத்திருக்கிறது.

எங்கே சிக்கிக்கொண்டீர்களோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் இலை மயிர் பற்றிய பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள், ஏனென்றால் இந்தச் செடிகளில் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கையில் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, முடிந்தால் 20 மடங்கு, மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேல், சில காகித உறைகள் வேண்டும். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வியர்த்து இலை அழுகிவிடும். முழுச் செடி, அடி இலையின் இரண்டு பக்கமும், தண்டின் கீழ்ப்பகுதி, காயும் அதன் காம்பும் சேர்கிற இடம், இவ்வளவையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூவை மட்டும் அழகாக எடுத்து வந்த படத்தை வைத்து யாராலும் பெயர் சொல்ல முடியாது. அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்குள் அனுமதி இல்லாமல் ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது. மற்ற அரசு நிலங்களிலும் பறிக்கும் முன் அந்த இடத்தின் விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இது ராக்கிரெஸ்தானா என்றே சந்தேகம்

முதலில் பூவைப் பிரித்துப் பாருங்கள். நாலு இதழ் சிலுவை மாதிரி விரிந்திருக்க வேண்டும், ஆறு மகரந்தத்தாள்கள் இருக்க வேண்டும், அவற்றில் நாலு நீளம், இரண்டு குட்டை. இது இருந்தால் கடுகுக் குடும்பம் உறுதி. அடுத்து காய். அகலத்தைப் போலப் பல மடங்கு நீளமாக, தட்டையாக இருந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். காய் குட்டையாக முட்டை வடிவிலோ ஈட்டி முனை மாதிரியோ இருந்தால் அது பெரும்பாலும் டிராபா என்ற வேறொரு பேரினம். இலை சிறகு மாதிரி தனித்தனிச் சிற்றிலைகளாகப் பிரிந்திருந்து, முற்றிய காயைத் தொட்டதும் ஓடு சுருண்டு விதை தெறித்தால் அது கார்டமைன். பூ அடர்ந்த மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் எரிசிமமாக இருக்கலாம். அதன் மயிரும் சில ராக்கிரெஸ் மயிர் போலவே இரண்டு முனையோடு படுத்திருக்கும், அதனால் மயிரை மட்டும் பார்த்து அங்கே முடிவு செய்ய வேண்டாம்.

மஞ்சள் நிறம் உச்சியில் இருக்கிறது, ஆனால் அதில் நாலு இதழ் தெரியவில்லை என்றால் அது தனிக் கதை, கீழே பூஞ்சை பற்றிய பகுதிக்குப் போங்கள்.

ஒரு புத்தகம் அராபிஸ் என்கிறது, இன்னொன்று போச்செரா என்கிறது

இரண்டு புத்தகமும் ஒரே செடியைத்தான் சொல்கின்றன, அச்சான காலம்தான் வேறு. ரொம்ப நாள் இவை எல்லாமே அராபிஸ் என்ற ஒரே பேரினத்தில் கிடந்தன. கிரீன்லாந்துச் செடிகளை ஆராய்ந்த டென்மார்க் தாவரவியலாளர் டைகே போச்சரின் பெயரை வைத்து, 1975இல் ஆஸ்கெல் லோவே, டோரிஸ் லோவே தம்பதி போச்செரா என்று ஒரு பேரினத்தைப் பிரித்தார்கள். குரோமோசோம் அடிப்படை எண்ணே வேறு: அராபிஸுக்கு 8, போச்செராவுக்கு 7. ஆனாலும் ரீட் ராலின்ஸ் 1993இல் எழுதிய பெரிய நூலில் எல்லாம் அராபிஸாகவே இருந்தது. டி.என்.ஏ. ஆய்வுகள் வந்த பிறகு, 2003இல் தாவரவியலாளர் இஹ்சான் அல்-ஷெபாஸ் வட அமெரிக்கச் செடிகளில் பெரும்பகுதியைப் போச்செராவுக்கு மாற்றினார். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் போச்செராவுக்கு உண்மையான அராபிஸைவிட, ஆய்வுக்கூடங்களில் வளர்க்கிற அராபிடாப்சிஸ் தாலியானாதான் நெருங்கிய உறவு. அதனால் இந்தப் பெயர் மாற்றம் தேவையானது என்பதே என் கருத்து, பழைய பெயர் நாக்கில் பழகிவிட்டது என்பதற்காக அதையே பிடித்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான். பழைய புத்தகத்தில் கிடைத்த பெயரை அப்படியே எழுதாமல், இப்போது அது எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். அராபிஸ் டிரம்மண்டி இப்போது போச்செரா ஸ்ட்ரிக்டா. பேரினம் மட்டுமல்லாமல் கடைசிப் பெயரும் ஏன் மாறியது என்றால், ஸ்ட்ரிக்டா என்பது இந்தச் செடிக்கு 1829லேயே வைத்த பெயர், ஆனால் அராபிஸ் ஸ்ட்ரிக்டா என்ற பெயரை இங்கிலாந்தின் பிரிஸ்டல் பக்கத்துச் செடி ஒன்று ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தது. பேரினம் மாறியதும் அந்தத் தடை போய், மூத்த பெயர் திரும்பி வந்துவிட்டது. அராபிஸ் கிளாப்ரா இப்போது டுரிட்டிஸ் கிளாப்ரா. அராபிஸ் லைரேட்டா இப்போது அராபிடாப்சிஸ் லைரேட்டா. கிழக்கு அமெரிக்கக் காடுகளின் அராபிஸ் லேவிகேட்டா போச்செராவுக்குப் போய், அங்கிருந்து 2013இல் போரொடினியாவுக்கு நகர்ந்தது. அராபிஸில் மிச்சம் யாருமே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள், அராபிஸ் பிக்னோகார்பா மாதிரி சில அங்கேயே இருக்கின்றன, அவை ராக்கி மலையிலும் வளர்கின்றன.

பழைய பெயரில் வகை என்று ஒன்று இருந்தது, இப்போது அதைக் காணோம்

செடியை அழுத்திக் காயவைத்து ஒட்டிப் பாதுகாக்கும் உலர் தாவர அட்டைகளில் அராபிஸ் ஹோல்போலி, அதற்குப் பின்னால் வகை ரெட்ரோஃபிராக்டா, வகை பைனிடோரம், வகை காலின்சி, வகை பெண்டுலோகார்பா என்று எழுதியிருக்கும். காய் தொங்குகிற செடி என்றால் ஹோல்போலியில் போட்டு, பின்னால் சிற்றினத்தின் உட்பிரிவான வகைப் பெயர் ஒன்றை ஒட்டிவிடுவது அந்தக் கால வழக்கம். அந்த வகைகள் இப்போது தனித்தனிச் சிற்றினங்களாக உயர்ந்துவிட்டன: போச்செரா ரெட்ரோஃபிராக்டா, போச்செரா பைனிடோரம் என்று வரிசையாக. ஹோல்போலி என்ற பெயர் கிரீன்லாந்துச் செடிகளுக்கு மட்டும் நின்றுவிட்டது. ஆகவே கொலராடோவில் எடுத்த செடிக்கு உங்கள் கையேடு ஹோல்போலி என்று சொன்னால் செடியில் கோளாறு இல்லை, கையேடு பழையது.

அட்டையில் உள்ள வகைப் பெயரை இயந்திரம் மாதிரி புதுச் சிற்றினப் பெயராக மாற்றிவிடவும் கூடாது. முதலில் அதை எழுதியவர் மயிரைப் பார்த்து எழுதினாரா, காய் தொங்குவதை மட்டும் பார்த்து எழுதினாரா என்று நமக்குத் தெரியாது. அட்டையில் ஒட்டியுள்ள செடியையே திரும்ப லென்ஸில் பார்க்க வேண்டும்.

மயிரின் கிளை எத்தனை என்று கையேட்டின் கீ கேட்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை

கீ என்பது கேள்வி கேள்வியாகப் பிரித்துச் செடியின் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியல். அதில் பெரும்பாலானவர்கள் நிற்கிற இடம் இதுதான், இதில் கொஞ்சம் நேரம் செலவழித்தால் வீண் போகாது.

பார்க்க வேண்டியது அடி இலைக் கொத்தின் இலைகளை. தண்டு இலையில் மயிர் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும், அங்கே தேடிப் பயன் இல்லை. கொத்தின் வெளிவட்டத்தில் காய்ந்து பழுப்பேறிய இலையில் மயிர் உதிர்ந்திருக்கலாம், அதனால் பச்சையாக இருக்கிற, நன்றாக விரிந்த இலை ஒன்றை எடுங்கள். வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்த்தால் வெறும் வெள்ளைப் பொடி தூவியதுபோலத்தான் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி இலையைச் சாய்த்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இலையை லென்ஸ் பக்கம் கொண்டுவாருங்கள். லென்ஸை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தலையைத் தூர வைத்துப் பார்ப்பதால்தான் பலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. அப்புறமும் தெரியாவிட்டால் ஃபோன் கேமராவை லென்ஸின் மேல் வைத்துப் படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்.

கண் பழகியதும் மூன்று மாதிரிகள் பிரியும். முதல் மாதிரி, நடுவில் பிடித்த தராசுக் கோல் போல, இலைமேல் படுத்தபடி இரண்டு பக்கமும் நீண்ட ஒரே கோடு. காம்பு கிடையாது, நடுப்புள்ளியில் மட்டும் இலையோடு ஒட்டியிருக்கும், ஊசி முனையால் ஒரு பக்கத்தைத் தள்ளினால் மறுபக்கமும் சேர்ந்து நகரும். இதுதான் இரு கிளை மயிர், போச்செரா ஸ்ட்ரிக்டாவின் அடையாளம். இரண்டாவது மாதிரி, ஒரு சின்னக் காம்பின் மேல் இரண்டாகவோ மூன்று நாலாகவோ பிரிந்து நிற்கும். மூன்றாவது மாதிரி, ஐந்து, ஆறு, அதற்கும் மேல் கிளைகளோடு நட்சத்திரமாக இலையை அப்பியிருக்கும், அடர்த்தியாக இருந்தால் இலையே சாம்பல் நிறமாகிவிடும். போச்செரா ரெட்ரோஃபிராக்டா இந்த மூன்றாவது கூட்டத்தைச் சேர்ந்தது.

ஒரு மயிரை எண்ணிவிட்டு முடிவுக்கு வர வேண்டாம். இலை ஓரம், இலை நடு, மேல்பக்கம், அடிப்பக்கம் என்று பல இடத்தில் பாருங்கள். ஓரத்தில், முக்கியமாகக் காம்போடு சேருகிற பக்கத்தில், கிளையில்லாத நீள மயிர் தனியாக இருக்கலாம், அதை இலைப்பரப்பு மயிர்க் கணக்கோடு கலந்துவிடாதீர்கள், இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்பார்கள். ஒரே இலையில் இரண்டு கிளையும் மூன்று கிளையும் ஐந்து கிளையும் கலந்து கிடந்தால் அதையும் அப்படியே குறித்து வையுங்கள். அந்தக் கலவையே ஒரு தடயம், பின்னால் தேவைப்படும்.

காய்கள் நிமிர்ந்து தண்டோடு ஒட்டி நிற்கின்றன, மூன்று பெயர் பொருந்துகிறது

ராக்கி மலையில் இந்தத் தோற்றத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டிய மூன்று பேர் போச்செரா ஸ்ட்ரிக்டா, டுரிட்டிஸ் கிளாப்ரா, அராபிஸ் பிக்னோகார்பா.

தண்டின் அடியைத் தொட்டுப் பாருங்கள். கீழ்ப்பகுதி சொரசொரவென்று விரைத்த மயிரோடும், மேல்பகுதி மயிரே இல்லாமல் சாம்பல் பூத்த வழவழப்போடும் இருந்து, பூவும் பால் கலந்த மஞ்சளாக இருந்தால் டுரிட்டிஸ். அதன் காயை விரலுக்கு நடுவில் உருட்டினால் உருளும், ஏனென்றால் அது தட்டை இல்லை, கிட்டத்தட்ட உருளை. ஸ்ட்ரிக்டாவின் காய் உருளாது, பட்டையாக இருக்கும், அகலம் 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் 3 வரைக்கும் போகும், தண்டு அடியில் விரைத்த மயிர்க்காடு இருக்காது, அடி இலையில் மேலே சொன்ன தராசுக் கோல் மயிர் இருக்கும். அராபிஸ் பிக்னோகார்பாவின் காயும் பட்டைதான், ஆனால் ரொம்ப ஒல்லி, சுமார் 1 மில்லிமீட்டர், அதன் அடி இலை மயிருக்குக் காம்பு உண்டு, தனி மயிரும் கவை மயிரும் கலந்திருக்கும்.

முற்றிய காய் கிடைத்தால் அதன் மேலோட்டை நகத்தால் உரித்து, நடுச்சவ்வின் ஒரு பக்கத்தில் விதைகள் எத்தனை வரிசை என்று பாருங்கள். ஸ்ட்ரிக்டாவில் இரண்டு வரிசை, பிக்னோகார்பாவில் ஒரே வரிசை. டுரிட்டிஸிலும் இரண்டு வரிசைதான், அதனால் அங்கே விதை வரிசை உதவாது, காயின் உருட்சிதான் உதவும்.

காய்கள் கீழ்நோக்கித் தொங்குகின்றன

காம்பு எங்கே திரும்புகிறது என்பதுதான் கேள்வி. தண்டோடு சேருகிற இடத்திலேயே சட்டென்று முழங்கை மடங்கியதுபோல் திரும்பி, காம்பு நேராகக் கீழே இறங்கி, காயும் தண்டோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு நின்றால், அடி இலையில் நட்சத்திர மயிரும் இருந்தால், ரெட்ரோஃபிராக்டா என்று எழுதலாம். காம்பு மெல்ல வளைந்து, காய் தண்டிலிருந்து விலகித் தாராளமாகத் தொங்கினால் அது வேறு ஆள். பைனிடோரம், பெண்டுலோகார்பா என்று பலர் இந்தப் பக்கம் நிற்கிறார்கள், இவர்களை ஒரு வரியில் பிரிக்க முடியாது, மயிரின் கிளை, காம்பின் நீளம், காம்பில் மயிர் உண்டா என்பது, தண்டு இலையின் அடியில் காது மாதிரி மடல் உண்டா என்பது எல்லாம் சேர்ந்தால்தான் வழி திறக்கும். அந்த அளவுகளைச் செடி நிற்கிற இடத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

பூ மட்டும் இருக்கிறது, காய் ஒன்றும் இல்லை

காய் இல்லாமல் சிற்றினம் வரை போவது பெரும்பாலும் நடக்காது, ஆனால் முயற்சி செய்ய இரண்டு வழி உண்டு. அதே செடியிலோ பக்கத்துச் செடியிலோ போன வருஷத்துக் காய்ந்த தண்டு நிற்கிறதா என்று பாருங்கள். ஓடு உதிர்ந்து நடுச்சவ்வு மட்டும் வெள்ளைக் காகிதம் மாதிரி நின்றாலும் காம்பின் கோணம் அப்படியே இருக்கும். இல்லையென்றால் பூக்கொத்தின் அடியில் உள்ள, முதலில் மலர்ந்து வாடத் தொடங்கிய பூவைப் பாருங்கள். தொங்குகாய்ச் சிற்றினங்கள் பலவற்றில் பூக்காம்பே அந்த நேரத்தில் கீழே சாய ஆரம்பித்திருக்கும், ஸ்ட்ரிக்டாவில் மேல்நோக்கியே இருக்கும்.

இரண்டும் பலிக்கவில்லை என்றால் போச்செரா என்று பேரினத்தோடு நிறுத்தி, இடத்தைக் குறித்துக்கொண்டு, காய் முற்றுகிற நேரத்தில் திரும்பிப் போவதுதான் சரியான வழி.

இரண்டு சிற்றினமும் பாதிப் பாதி பொருந்துகிறது

நான் இதை எழுதக் காரணமே இந்த அறிகுறிதான். மயிர் இரண்டு கிளையா நாலு கிளையா என்று முடிவாகவில்லை, காய் நிமிரவும் இல்லை தொங்கவும் இல்லை, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கிறது, கீயில் எந்தப் பக்கம் போனாலும் கடைசி வரி பொருந்தவில்லை. பலர் இந்த இடத்தில் தனக்குத் தெரியவில்லை என்று நினைத்து, கொஞ்சம் அதிகம் பொருந்துகிற பெயரைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் பார்த்தது சரியாகவே இருக்கலாம், செடியே உண்மையில் நடுவில் நிற்கலாம்.

போச்செராவில் சிற்றினங்கள் ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கும். சாதாரணமாக அப்படிப் பிறந்த கலப்புச் செடி மலடாகிப் போய், கதை ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். இங்கே அப்படி முடிவதில்லை. கலப்புச் செடிகளில் பல, கருவுறாத முட்டையிலிருந்தே விதை உண்டாக்கும் திறனோடு இருக்கின்றன, அதனால் தாயின் அச்சு அசலான நகல்கள் விதை வழியாகவே பரவுகின்றன. விதைக்குள் இருக்கிற உணவுத் திசு வளர மகரந்தம் தேவைப்படுகிறது, கருவுக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. இந்த மாதிரி பால்கலப்பில்லா விதைப் பெருக்கம் மற்றச் செடிகளில் பெரும்பாலும் குரோமோசோம் தொகுதி பெருகினவற்றில்தான் நடக்கும், போச்செராவிலோ இரண்டே தொகுதி உள்ள இருமடிச் செடிகளிலும் நடக்கிறது. உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் இந்தச் சின்னச் செடியைத் தேடி வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மூன்று தொகுதி உள்ள மும்மடிக் கலப்புகளும் நிறைய, 14 குரோமோசோமுக்குப் பதில் 21 இருக்கும், அவற்றில் சிலவற்றில் மூன்று வெவ்வேறு சிற்றினங்களின் பங்கு ஒரே செடிக்குள் இருக்கும். அப்படிப்பட்ட செடியை இரண்டு பெயருக்கு நடுவில் வைத்துப் பார்த்தால் எப்படிப் பொருந்தும்?

சரி, அப்படியானால் கண்டுபிடிப்பது எப்படி. ஒரு பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் கிடைத்தாலே பாதி வேலை ஆகிவிடும். மலர்ந்த பூவிலிருந்து மகரந்தத்தை உலர்ந்தபடியே கண்ணாடித் தகட்டில் தட்டிப் பாருங்கள். தண்ணீர் விட வேண்டாம், விட்டால் எல்லா மகரந்தமும் ஊதி உருண்டையாகி வித்தியாசம் மறைந்துவிடும். பால்கலப்பு மூலம் பெருகுகிற செடியின் மகரந்தம் ஒல்லியான நீள்வட்டமாக, நீளவாக்கில் ஒழுங்கான மூன்று பள்ளத்தோடு, எல்லாம் ஒரே அளவில் இருக்கும். நகல் விதைச் செடியின் மகரந்தம் அகலமாக, உருண்டை பக்கம் சாய்ந்து, பள்ளங்கள் ஒழுங்கில்லாமல் இருக்கும். அல்-ஷெபாஸும் மைக்கேல் விண்டமும் எழுதிய விவரிப்புகளில் ஒவ்வொரு சிற்றினத்துக்கும் மகரந்த வடிவத்தைத் தவறாமல் குறிப்பிட்டிருப்பது இதற்காகத்தான், அந்த வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மகரந்தம் உருண்டை என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி பெற்றோர் யார் என்பது. தோற்றத்தை வைத்து ஊகம்தான் செய்யலாம்: இரு கிளை மயிரும் நட்சத்திர மயிரும் கலந்திருந்தால், அந்த இடத்தைச் சுற்றி ஸ்ட்ரிக்டாவும் ரெட்ரோஃபிராக்டாவும் வளர்ந்தால், அவர்கள் மேல் சந்தேகம் போவது நியாயம். உறுதியாகச் சொல்ல டி.என்.ஏ. வேண்டும். போச்செராவுக்கென்றே 15 மைக்ரோசாட்டலைட் இடங்களை, அதாவது டி.என்.ஏ.யில் ஒரு சின்னத் தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்களை, ஒப்பிட்டுப் பெற்றோரைக் கண்டுபிடிக்கும் தரவுத்தளம் ஒன்றை ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். பழைய உலர் தாவர அட்டையிலிருந்து எடுத்த ஒரு துண்டு இலையிலும் இந்தச் சோதனையைச் செய்ய முடிகிறது. நம் கையில் ஆய்வுக்கூடம் இல்லையென்றாலும், நன்றாகக் காயவைத்த ஒரு இலையை உறையில் வைத்துப் பாதுகாத்தால் பின்னால் யாராவது பார்க்க முடியும்.

போச்செரா டிவாரிகார்பா என்ற பெயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காய் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற எந்தக் கலப்பையும் இந்தப் பெயரில் போட்டுவிடும் பழக்கம் வெகுகாலம் இருந்தது. பழைய பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தால், ஏதோ ஒரு கலப்பு என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உச்சியில் மஞ்சள் பூ மாதிரி இருக்கிறது, இனிப்பு வாசனை வேறு

அது பூ இல்லை, நோய். பக்சினியா என்ற துருப் பூஞ்சை போச்செராவைப் பிடித்தால் செடியின் வளர்ச்சியையே மாற்றிவிடும். தண்டு நீண்டு, உச்சியில் இலைகள் நெருக்கமாகக் கொத்தாகி, பளிச்சென்ற மஞ்சளாகி, தூரத்திலிருந்து பார்த்தால் அதே நேரத்தில் பூக்கிற பட்டர்கப் பூ என்றே தோன்றும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் இதழ், மகரந்தத்தாள் எதுவும் இல்லை, மஞ்சள் இலையின் மேல் குட்டிக் குட்டிப் புள்ளிகளும், விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிற இனிப்பு நீரும்தான். ஈயும் தேனீயும் பட்டாம்பூச்சியும் பூ என்று நம்பி வந்து அதைக் குடிக்கும், குடிக்கும்போது ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் பூஞ்சையின் இனப்பெருக்கச் செல்களைக் கொண்டுபோகும். கொலராடோ மலைகளில் இதை ஆராய்ந்த பார்பரா ராய் 1993இல் இதை விரிவாக எழுதினார். இதில் உண்டாகிற வித்துகள் அப்புறம் புல் இனங்களுக்குப் போய், அங்கே வாழ்க்கையின் மறுபாதியை முடித்துவிட்டு மறுபடி ராக்கிரெஸுக்குத் திரும்பும்.

இந்தச் செடியை வைத்து இனம் பார்க்க முயல வேண்டாம். பெரும்பாலும் அது பூக்கவே பூக்காது, இலையின் வடிவமும் மாறிப்போயிருக்கும். சுற்றியுள்ள நோயில்லாத செடிகளைப் பாருங்கள், படத்தை மட்டும் பூஞ்சையின் பெயரில் தனியாகப் பதிந்து வையுங்கள், அதுவும் நல்ல பதிவுதான்.

படத்தைப் பார்த்துச் செடியை அடையாளம் காட்டும் செயலி ஒரு பெயரைச் சொல்கிறது, நம்பலாமா

பேரினம் வரைக்கும் கேட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம். இந்தச் செடியில் தீர்ப்பு சொல்கிற மயிரும் மகரந்தமும் சாதாரணப் படத்தில் விழுவதே இல்லை. போதாக்குறைக்கு, பொதுவில் கிடைக்கிற படங்களில் கலப்புச் செடிகளுக்கும் ஏதோ ஒரு பெற்றோரின் பெயரே போட்டிருக்கலாம், செயலி அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது.

மான் கடித்த செடியையும் கவனியுங்கள். நடுத்தண்டு போய்விட்டால் பக்கத்திலிருந்து பல தண்டுகள் கிளம்பும், உடனே பல தண்டுச் சிற்றினம் என்று கீயில் தவறான பக்கம் திரும்பிவிடுவோம். தண்டின் அடியில் வெட்டுப்பட்ட தடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

அரிய சிற்றினமாக இருக்குமோ என்று தோன்றுகிறது

அப்படித் தோன்றினால் எதையும் பறிக்காதீர்கள், படம் மட்டும் போதும். கலிபோர்னியா, ஓரிகான் எல்லைப் பக்கம் செர்பென்டைன் என்ற பாறையிலிருந்து உண்டான மண்ணில் வளர்கிற, அடர் ஊதாரோஜாப் பூ உள்ள அராபிஸ் மக்டொனால்டியானா 1978லிருந்து அமெரிக்க அரசின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்ந்து சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியாவின் களிப்பாறைச் சரிவுகளில் மட்டும் வளர்கிற போச்செரா செரோட்டினா 1989லிருந்து, கலிபோர்னியாக் கடற்கரைத் தீவுகளின் போச்செரா ஹாஃப்மன்னி 1997லிருந்து அந்தப் பட்டியலில் உள்ளன. வயோமிங்கின் சவுத் பாஸ் பக்கம் மட்டுமே வளர்கிற போச்செரா புசில்லா மாதிரி, உலகத்திலேயே ஒரு சின்ன இடத்தில் மட்டும் இருப்பவையும் உண்டு. சரியான இடக்குறிப்பை வெளியே போடாமல், அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கோ பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் உலர் தாவரக் காப்பகத்துக்கோ நேராக அனுப்புங்கள்.

கடைசியில் அட்டையில் என்ன எழுதுவது

சிற்றினம் உறுதியாகத் தெரிந்தால் பெயரை எழுதுங்கள், கூடவே எந்த நூலின் கீயை வைத்து வந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், நாளைக்குப் பெயர் மாறினால் அடுத்தவருக்கு அதுதான் கைகொடுக்கும். கலப்பு என்று சந்தேகம் இருந்தால் போச்செரா என்று மட்டும் எழுதி, சந்தேகப்படுகிற பெற்றோரின் பெயரைக் குறிப்பில் சேருங்கள். கடல்மட்டத்திலிருந்து உயரம், மண்ணா பாறையா, சுற்றி வேறு எந்த ராக்கிரெஸ் நின்றது என்பதும் வேண்டும். செடியை அழுத்தி உலர்த்தும் முன்பே காய்க்காம்பின் கோணத்தையும் பூவின் நிறத்தையும் எழுதிவிடுங்கள், ஏனென்றால் காகிதத்துக்கு நடுவில் நசுங்கியதும் நீட்டிக்கொண்டிருந்த காய் தொங்குகிற மாதிரி திரும்பிவிடும், வெளிர் ஊதா வெளுத்து வெள்ளையாகிவிடும்.